தள்ளி உட்கார்ந்த வலி

கரிசல் காட்டில் அக்கி வந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு முன்னால் வேளார் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் காவிக்கல்லை இழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். மூன்று நாள் எழுத வேண்டும். குளிக்கக் கூடாது, புளியும் காரமும் சேர்க்கக் கூடாது. கொப்புளம் காய்ந்து உதிரும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் அது உதிரத்தான் செய்யும். பலருக்கு அதோடு சரி. அறுபதைத் தாண்டியவர்களில் சிலருக்குத் தோல் ஆறிய பிறகுதான் நோயே ஆரம்பிக்கிறது.

அம்மாவுக்கு 2022 பங்குனியில் வந்தது. அப்போது வயது 61. இடது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவோடு சுற்றி, முதுகெலும்பு வரைக்கும் ஒரு பட்டை. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நம் உடம்பை விட்டுப் போவதே இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நரம்பின் வேரில் ஐம்பது வருடம் கூடச் சும்மா படுத்திருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பு போகிற பாதையிலேயே எழுந்து வரும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்கினால் நோயின் கடுமை குறையும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது ஐந்தாம் நாள். ஆடிக்குள் தோலில் தழும்பு மட்டும்தான் மிச்சம். உள்ளே நரம்பு புண்ணாகவே இருந்தது.

அந்த வலியை அம்மா ஒருபோதும் 'வலி' என்று சொன்னதில்லை. "எரியுது தாயி" என்பாள். சேலை நுனி பட்டால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். அழுத்திப் பிடித்தால் வலிக்காது, லேசாகத் தொட்டால் உயிர் போகும். ரவிக்கை போட முடியாமல் முந்தானையை மட்டும் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். யாராவது வாசலில் கூப்பிட்டால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒன்பது வயதிலிருந்து கூட்டத்துக்குள்ளேயே வேலை பார்த்தவள் அவள்.

ஒன்பது வயதில் அவள் போனது தீப்பெட்டி ஆபீசுக்கு. இந்தப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடிவதற்கு முன் ஊருக்குள் ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம். தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினாள். பிறகு பெட்டி ஒட்டினாள், பெட்டி அடைத்தாள். இடையில் பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போனாள். நானும் இன்றைக்கு ஒரு தீப்பெட்டி ஆபீசில்தான் கணக்கு எழுதுகிறேன். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் அங்கிருந்து வந்தது.

*

அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அப்பா இருந்தபோது எடுத்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடும் சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும். அப்பாவின் இதய அறுவையை அந்த அட்டைதான் பார்த்துக்கொண்டது. நாங்கள் நகையை அடகு வைக்கவில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

ஆனால் அந்த அட்டை கட்டிலைப் பார்த்துத்தான் பேசும். உள்நோயாளியாகப் படுக்க வேண்டும், பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். சில நோய்களுக்குப் பிந்தைய தொடர்சிகிச்சையும் பட்டியலில் உண்டு. அக்கிக்குப் பிந்தைய நரம்பு எரிச்சலுக்கு எந்தக் கட்டிலும் தேவையில்லை. அது வீட்டிலேயே, திண்ணையிலேயே, ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கிற நோய். ஐந்து லட்சம் ரூபாய் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய் மாத்திரைக்கு நாங்கள் பணம் புரட்டினோம்.

தனியார் காப்பீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 31,000 ரூபாய் பிரீமியம் சொன்னார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடக் காத்திருப்பு. மூன்று வருடம் கழித்தும் புறநோயாளிச் செலவு வராது என்றார் அந்த முகவர். நல்ல மனுஷன், பொய் சொல்லி விற்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. முழுவதும் போய்விட்டது. விலைதான் குறைந்தது, புறநோயாளிச் செலவு வராது என்பது அப்படியே இருக்கிறது.

புறநோயாளிக்கு மருந்து தருகிற ஒரு காப்பீடு நாட்டில் இல்லாமல் இல்லை. இ.எஸ்.ஐ. அதைத்தான் செய்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. அம்மா வேலை பார்த்தவை பெரும்பாலும் சின்ன ஆபீசுகள், கடைசிப் பத்து வருடம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டிய பெட்டிகள். ஐம்பது வருட உழைப்புக்கு அவளிடம் ஒரு இ.எஸ்.ஐ. எண் கிடையாது.

*

டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரவு மாத்திரை கொடுத்தார்கள், காசில்லாமல். மதுரையில் நரம்பு டாக்டர் பிரிகாபாலின் எழுதினார். அது கொஞ்சம் கேட்டது, ஆனால் தலைசுற்றல். ஒருநாள் விடிகாலை கொல்லையில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. அளவைக் குறைத்தார்கள், எரிச்சல் கூடியது. பூசுவதற்கு ஒரு களிம்பு தந்தார்கள். மிளகாயின் காரச் சத்தில் செய்தது. விளாத்திகுளம் பக்கம் மிளகாய் பறித்துக் கை எரிந்த கதையெல்லாம் சொல்லி அம்மா சிரித்தாள். "அது குடுத்த எரிச்சல அதே எடுக்கப் போவுதா?" என்றாள். அவளுக்குத் தாங்கவில்லை, விட்டுவிட்டோம்.

அடுத்த படி டிரமடால் மாதிரியான மாத்திரைகள். 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற செய்திகள் நம் பேப்பர்களில் அடிக்கடி வருகின்றன. அந்த பயம் நியாயமானது. ஆனால் சீட்டோடு போய் நிற்கிற கிழவியையும் மருந்துக்கடைக்காரர் அதே கண்ணால்தான் பார்க்கிறார். இருப்பு இல்லை என்பார். இரண்டாவது கடையிலும் இருப்பு இருக்காது.

இது புதிதல்ல. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மார்பின் வாங்கவும் வைத்திருக்கவும் ஏகப்பட்ட உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 1997இல் இவ்வளவு பெரிய நாடு முழுவதும் பயன்படுத்தியது 18 கிலோ மார்பின். இத்தனைக்கும் மருந்துக்காக அபின் சட்டப்படி பயிர் செய்கிற நாடு இது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் கேரளத்திலிருந்து வருடக்கணக்கில் போராடிய பிறகு 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரைக்கும் எத்தனை புற்றுநோயாளிகள் கதறிக்கொண்டே போயிருப்பார்கள் என்று யாரும் கணக்கு வைத்திருக்க முடியாது.

*

2023 கார்த்திகையில் மதுரையில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் அம்மாவின் மாத்திரைச் சீட்டையெல்லாம் பார்த்துவிட்டு, விஜயா என்று எழுதினார். இலைச் சாறு கலந்த எண்ணெய், நாக்குக்கு அடியில் சொட்டு விட வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து கூரியரில் வரும், சீட்டு இருந்தால்தான் அனுப்புவார்கள். விஜயா என்றால் என்ன என்று கேட்டேன். "கஞ்சா இலை" என்றார், குரலைத் தாழ்த்தாமல்.

கோவில்பட்டியில் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' செய்திகள் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். அம்மாவிடம் மறைக்க எனக்கு மனசில்லை, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"சதுரகிரி சாமியாருக இழுப்பாகளே, அதா?"

"அதோட இலைம்மா. பொகை கெடையாது. சொட்டு மருந்து."

"போலீசு வருமா?"

"டாக்டரு சீட்டு இருக்கு. பாட்டிலோடயே வச்சுக்கிடணும்."

"அப்ப ஊருக்குத் தெரிய வேண்டாம். எண்ணெய்னு சொல்லு."

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா என்பது அந்தச் செடியின் பூ, காய்த் தலைப்பு. தலைப்போடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இலையை மாநிலங்களின் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அதனால்தான் காசியிலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருக்கின்றன, இங்கே இல்லை. இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளில், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் உட்கொள்ள வேண்டிய நச்சு மூலப்பொருள்களின் பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது. ஆகவே மருந்து என்ற முறையில் அதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் காசு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அகலமாக இருக்கிறது.

இந்த மருந்து மேற்கிலிருந்து வந்த புதுமையும் அல்ல. சித்த மருத்துவத்தில் சிவமூலி என்ற பெயரில் உண்டு. 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னெஸி என்ற மருத்துவர் வாத வலிக்கும் வலிப்புக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அவர் மூலமாகத்தான் இங்கிலாந்து மருத்துவர்களுக்கு இது தெரியவந்தது. 1893இல் ஆங்கில அரசு ஒரு விசாரணைக் குழு போட்டு, மதராஸ் ராஜதானி உட்பட நாடெங்கும் சாட்சிகளை விசாரித்தது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கை, அளவோடு பயன்படுத்துவதில் பெரிய தீங்கில்லை என்றது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மருத்துவப் பயன் அற்ற மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்த நாடுகளில் ஒன்று.

இத்தனையும் படித்துவிட்டு இன்னொன்றையும் படித்தேன். நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகள் எவ்வளவு கேட்கின்றன என்று 2018இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, 1,750 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி பாதியாகக் குறைந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேர். வெறும் மருந்துபோலக் கொடுக்கப்பட்டதை எடுத்தவர்களில் 17 பேர். நூறு பேரில் நான்கு பேர்தான் வித்தியாசம். தலைசுற்றல், மந்தம், மனக்குழப்பம் போன்ற தொந்தரவுகள் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். 2021இல் வலி ஆய்வுக்கான உலகச் சங்கமும், போதுமான சான்று இல்லாததால் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது என்றுதான் சொன்னது. இந்த ஆய்வுகளில் இருந்த மருந்துகளும் அம்மாவின் இலை எண்ணெயும் ஒன்றல்ல. சர்வரோக நிவாரணி என்று சொல்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு பேர்தான் ஞாபகம் வருவார்கள்.

*

அம்மா அந்த நான்கு பேரில் ஒருத்தியா, மீதிப் பதினேழில் ஒருத்தியா, எனக்குத் தெரியாது. 2024 தை மாதம் தொடங்கினோம். முதல் வாரம் வாய் வறட்சி, ஒருநாள் கிறுகிறுப்பு. மருத்துவர் சொட்டைக் குறைத்தார், இரவு மாத்திரையோடு எப்படிச் சேர்ப்பது என்று நரம்பு டாக்டரிடம் பேசச் சொன்னார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் போனபோது அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஆறு மணிக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்ததில்லை. பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

எரிச்சல் போய்விட்டதா என்று கேட்டேன். "போகலத்தா. அங்கனயேதான் இருக்கு. எம்மேல உக்காந்திருந்தது, இப்ப கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு" என்றாள்.

வைகாசியில் என் சித்தி மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். பருத்தி ரவிக்கை, உள்பக்கம் தையலே உறுத்தாதபடி நான் வெட்டித் தைத்தது. மூன்று மணி நேரம் பந்தியிலும் பந்தலிலும் இருந்தாள். சாயங்காலம் அவதிப்பட்டாள். ஆனாலும் வந்தாள்.

இனி கணக்கு. பாட்டில் 30 மில்லி, 2,850 ரூபாய். 24 நாள் வரும். ஒரு நாளைக்கு 118 ரூபாய் சொச்சம். அம்மா கடைசியாக வாங்கிய கூலி நாளுக்கு 250, ஆக ஒவ்வொரு நாளும் பாதி நாள் கூலி. 14 மாதத்தில் 17 பாட்டில், 48,450 ரூபாய். மருத்துவரைப் பார்க்க ஐந்து தடவை, 2,500. மதுரைக்குப் போய்வந்த செலவு தனி. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அம்மாவுக்கு மாதம் ஆயிரம் வருகிறது. அது முழுக்க இதற்கே போனது. மீதியை நானும் திருப்பூரில் இருக்கும் தம்பியும் போட்டோம்.

அம்மாவின் கணக்கு வேறு. 2021 டிசம்பரில், பதினான்கு வருடத்துக்குப் பிறகு தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அவள் பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆயிரத்து நானூத்து இருபத்தஞ்சு பெட்டியா இந்தத் துக்காணி பாட்டிலு?"

2024 ஐப்பசிக்குப் பிறகு ஒரு பாட்டில் 24 நாளில் தீராமல் 35 நாள் வர ஆரம்பித்தது. கணக்கு எழுதுகிறவளிடம் தேதியை மறைக்க முடியாது. கேட்டேன்.

"ராத்திரி மட்டும் விட்டுக்கிடுதேன். பகல்ல பல்லக் கடிச்சுக்கிடலாம்."

"டாக்டரு ரெண்டு நேரம்னாரும்மா."

"டாக்டரு காசா குடுக்காரு? எப்படியும் முழுசாப் போவப் போறதில்ல. பாதிக் காசுக்கு எம்புட்டுப் போவுதோ, அம்புட்டுப் போவட்டும். ஒம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணுமில்ல."

வலியின் அளவை ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் சொல்லச் சொல்லி டாக்டர்கள் கேட்பார்கள். அம்மாவின் வலி ஏழா எட்டா என்பதை முடிவு செய்ததில் பேத்தியின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் பங்கு இருந்தது.

*

பிற நாடுகளிலும் இதே இழுபறிதான். ஜெர்மனியில் 2017 மார்ச்சில், கடும் நோயுள்ளவர்களுக்குக் கஞ்சா மருந்தின் செலவைக் காப்பீட்டு நிதியமே ஏற்கும்படி சட்டம் செய்தார்கள். இங்கிலாந்தில் 2018 நவம்பரில் மருத்துவப் பயன்பாட்டைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அரசின் மருத்துவ வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றது. அங்கே பெரும்பாலான நோயாளிகள் கைக்காசைப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். மருந்தை அனுமதிப்பதும் அதற்குப் பணம் கட்டுவதும் தனித்தனி முடிவுகள் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் நாட்டில் முதலாவதை அரைகுறையாகச் செய்துவிட்டு, இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருக்கிறோம்.

கஞ்சா எண்ணெயை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நூறில் நான்கு பேர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க முடியாது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. மருந்து செய்வதற்கு டாம்ப்கால் என்று அரசின் நிறுவனமே இருக்கிறது. இங்கேயே, நம் கிழவிகளை வைத்து முறையாக ஆய்வு செய்து பார்க்கலாம். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள், நாங்கள் காசை மிச்சப்படுத்துவோம். கேட்கிறது என்றால் அரசே செய்து நியாய விலைக்குக் கொடுக்கலாம். இப்போது இரண்டும் இல்லாமல், ஒவ்வொரு வீடும் தன் காசில், தன் உடம்பில் தனித்தனியாக ஆய்வு நடத்திக்கொண்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய கோரிக்கை கஞ்சாவைப் பற்றியதே அல்ல. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து அதற்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண் அம்மாவை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுவாள். சர்க்கரை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், மாத்திரையை எண்ணிக் கொடுப்பாள், நோட்டில் எழுதுவாள். சர்க்கரை நோய் ஆயுளுக்கும் தொடர்வது, கட்டிலில் படுக்காமலே அதற்கு மருந்து வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டதால்தான் அவள் வருகிறாள். நாள்பட்ட வலியும் அதே குணம் கொண்டதுதான். அவள் பையில் வலி மாத்திரைக்கும் ஓர் இடம் வேண்டும், நோட்டில் வலிக்கும் ஒரு கட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் படுத்த படுக்கையானவர்களுக்கான பராமரிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. படுக்கையில் விழாமல் எரிச்சலோடு நடமாடுகிறவர்களையும் அதில் சேர்ப்பது இன்னும் ஓர் அடிதான்.

ஒருநாள் அந்தப் பெண்ணிடம் அம்மா கேட்டாள். "எரிச்சலுக்கு எதும் வச்சிருக்கியா தாயி?" "அது எங்க லிஸ்ட்ல இல்ல பெரியம்மா" என்றாள் அவள். அதைச் சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

2025 பங்குனியோடு அம்மா மாதாமாதம் வாங்குவதை நிறுத்திவிட்டாள். மருத்துவரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். குளிர்மாதங்களில் அரசு ஆஸ்பத்திரியின் இரவு மாத்திரை மட்டும். வெயிலில் வியர்வை பட்டு எரிச்சல் கூடுகிற சித்திரைக்கும் வைகாசிக்கும் எண்ணெய், மாதம் ஒரு பாட்டில். இது ஐப்பசி. மழை இறங்கி, மானாவாரி நிலங்களில் உளுந்தும் பாசியும் முளைத்து நிற்கின்றன. சித்திரைக்கு வேண்டிய 5,700 ரூபாய்க்காக உரிமைத் தொகையை இந்த மாதத்திலிருந்தே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வருகிறாள். வெயில் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் பணம் சேர்ந்துவிடும் என்கிறாள்.